பூட்டிய படங்களைத் திறப்பது எப்படி?

1948 பிப்ரவரியில் காந்தியடிகளின் அஸ்தியைத் தாங்கிய ரயில் ஒன்று சென்னையிலிருந்து ராமேசுவரத்துக்குச் சென்றது. வழியெங்கும் நிலையங்களில் மக்கள் திரண்டு நின்று அஞ்சலி செலுத்தினார்கள். அந்தக் காட்சிகள் பிலிமில் பதிவாயின. பிறகு நெடுங்காலம் அவற்றை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது: காந்தியடிகளைப் பற்றிய 30 சுருள் பிலிம், ஓட்டினால் ஏறத்தாழ 6 மணி நேரம் வரக்கூடியது, கிடைத்திருக்கிறது என்பதே அது. அந்த ரயில் பயணமும் அவற்றுள் இருக்கிறது. சிதம்பரம், செட்டிநாடு, சிவகங்கை, மானாமதுரை, ராமநாதபுரம் ஆகிய நிலையங்களில் கூடிய கூட்டத்தை அதில் காணலாம். செட்டிநாடு நிலையம் கானாடுகாத்தானை ஒட்டிய சிறு நிலையம். அன்று அங்கே நின்ற சிறுவர்களுள் சிலர் இன்றைய மாணவர் சிலருடைய கொள்ளுத் தாத்தாவாகவும் இருக்கக் கூடும்.

மாணவர்களே, இத்தகைய சுருள் ஒன்றைக் கணிப்பொறிக்கு ஏற்ற கோப்பாக மாற்றி, ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு உங்கள் கையில் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். எடிட்டிங் மென்பொருள் என்று வழங்கும் தொகுப்பு மென்பொருளில் அதைத் திறந்து, உங்கள் ஊர் வரும் பகுதியை மட்டும் வெட்டியெடுக்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் திறந்துவிடுமா? சில வேளை திறக்கும். பல வேளை “இக்கோப்பைத் திறக்க இயலவில்லை” என்ற செய்திதான் வரும். அல்லது ஒலி வரும், படம் வராது. படம் வந்தாலும் மனிதர்கள் ஓட்டமும் நடையுமாய்ப் போவார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பெரும்பாலானவை நீங்கள் பள்ளியில் கற்ற கணக்கையும் பௌதிகத்தையும் கொண்டே விளங்கக் கூடியவை.

ஐம்பதாயிரம் அடி

இந்த வேலையைக் கணிப்பொறி இல்லாமலே செய்து காட்டியவர் ஒருவர் எங்கள் பக்கத்தில் பிறந்தார். காரைக்குடிக்கு அடுத்த கோட்டையூரைச் சேர்ந்த ஏ. கே. செட்டியார் (1911–1983) அவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். பிற்காலத்தில் ‘குமரி மலர்’ என்ற இதழை நடத்தியவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, காந்தியடிகளின் வாழ்க்கையை ஒரு செய்திப்படமாக எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. ஆனால் அதற்குள் காந்தியடிகளுக்கு வயது 68 ஆகிவிட்டது. நடந்து முடிந்தவற்றை மீண்டும் எடுக்க இயலாது அன்றோ? ஆகவே வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்து வைத்திருந்த துண்டுகளைத் தேடிக் கண்டங்கள் தோறும் அலைந்தார். சுமார் 50,000 அடி பிலிம் சேர்ந்தது. அதிலிருந்து தொகுத்த படம் 1940இல் தமிழ் விளக்கவுரையுடன் வெளிவந்தது.

50,000 அடி என்றால் எவ்வளவு? 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம்கள், அதாவது 16 தனித்தனிப் படங்கள் இருக்கும். எனவே மொத்தம் 8,00,000 பிரேம்கள். பேசும் படம் விநாடிக்கு 24 பிரேம் வீதம் ஓடும். அந்த வேகத்தில் இதை ஓட்டினால் 33,333 விநாடி, அதாவது சுமார் 9 மணி 15 நிமிடம் ஆகும். ஆனால் பேசாப்பட காலத்தில் காமிராவைக் கையால் சுழற்றிப் படம் பிடித்தார்கள். விநாடிக்கு 16 பிரேம் என்பது அன்று பெருவழக்கு. அதே சுருளை 16 வீதம் ஓட்டினால் 50,000 விநாடி, சுமார் 13 மணி 53 நிமிடம்! ஒரே சுருள், இரண்டு நீளம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு தேவைப்படும்.

செட்டியார் இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த படத்தின் கதி என்ன ஆயிற்று? தமிழ் மூலத்தின் முழுச் சுருளைப் பலர் பல ஆண்டுகள் தேடினார்கள். இறுதியில், பின்னாளில் அமெரிக்காவில் உருவான ஆங்கில வடிவத்தின் சுருக்கப் பிரதி ஒன்றையே வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடிக் கண்டெடுத்தார். பிலிம் என்பது நிலையான பொருள் அன்று. 1950களின் தொடக்கம் வரை வழக்கிலிருந்த நைட்ரேட் பிலிம் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன் மூலக்கூற்றிலேயே வைத்திருக்கிறது. பற்றிக்கொண்டால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது. 2003 ஜனவரியில் புனேயில் திரைப்படக் கல்லூரி வளாகத்துக் கிடங்கு தீப்பிடித்தபோது ஏராளமான பழைய நைட்ரேட் சுருள்கள் அழிந்துபோயின. பின்னர் வந்த அசெடேட் பிலிம் தீக்கு அஞ்சாது. ஆனால் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் புளித்த காடியின் வாடை வீசத் தொடங்கி, சுருங்கி, நெளிந்துபோகும்.

ஒரு மணிக்கு எத்தனை எண்?

கணிப்பொறிக்குப் படம் என்பது எண்களின் வரிசையே. இன்றைய முழு உயர்தரப் படம் ஒன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள்; எண்ணுக்கு ஒரு பைட். பெருக்கிப் பாருங்கள்: 1920 × 1080 × 3 = 62,20,800 பைட். ஒரு பிரேமுக்கே 6 மெகாபைட்டுக்கு மேல்! விநாடிக்கு 25 பிரேம் என்றால் விநாடிக்கு 155 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 560 கிகாபைட். உங்கள் வீட்டுக் கைப்பேசியில் எடுத்த ஒரு மணி நேரப் படமோ நான்கைந்து கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும் வகையில் அமைந்திருக்கலாம். ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு! மீதி எங்கே போயிற்று?

பிள்ளையார்பட்டித் தேரோட்டத்தைக் காமிராவை அசைக்காமல் எடுப்பதாகக் கொள்வோம். கோபுரம் நகர்வதில்லை, வானம் நகர்வதில்லை. நகர்வது தேரும் மக்களும் மட்டுமே. முதல் பிரேமை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்த பிரேமுக்கு “கோபுரம் முன்போலவே, தேர்த் துண்டை மட்டும் 8 புள்ளி வலப்புறம் நகர்த்து, விடுபட்ட இடத்தில் இதை நிரப்பு” என்று குறிப்பு எழுதினால் போதும் அல்லவா? படச் சுருக்கத்தின் அடிப்படைத் தந்திரங்களுள் இது ஒன்று. இப்படிச் சுருக்கவும், பின்னர் விரிக்கவும் வகுத்த முறைக்குக் கோடெக் என்று பெயர். முழுப்படம் எப்போதாவது ஒருமுறைதான் வரும். 12 பிரேமுக்கு ஒன்று என்பது பழைய எம்பெக் கோப்புகளில் சாதாரணம். இடையில் உள்ளவை யாவும் குறிப்புகளே.

பார்ப்பதற்கு இது மிக நல்ல ஏற்பாடு. வெட்டுவதற்கோ தொல்லை. நீங்கள் 11ஆவது பிரேமில் வெட்ட விரும்பினால், அந்தப் பிரேம் என்று தனியாக ஒன்று கோப்பில் இல்லை. மென்பொருள் முதலாவது முழுப்படத்தை எடுத்து, குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பின்பற்றி 11ஆவதை வரைந்து காட்ட வேண்டும். பின்னோக்கி ஓட்டினால் இன்னும் சிரமம். தொகுக்கும்போது கணிப்பொறி திக்கித் திணறுவதற்கு இதுவே முக்கியக் காரணம். கணிப்பொறி பழையது என்று உடனே பழி போட வேண்டியதில்லை. ஆகவே தொழில் தெரிந்தவர்கள், ஒவ்வொரு பிரேமும் தனித்தனியே முழுப்படமாக இருக்கும் கோடெக்குக்கு முதலில் மாற்றிக்கொள்வார்கள். கோப்பு பெருக்கும்; வேலை எளிதாகும். அல்லது சிறிய உருவில் ஒரு பதிலிக் கோப்பைச் செய்து, அதில் வெட்டி ஒட்டி, கடைசியில் மூலக் கோப்பை அதன் இடத்தில் பொருத்துவார்கள்.

அடுக்குச் சட்டியும் விலாசமும்

கோப்பின் பெயருக்குப் பின் ஒரு புள்ளி வைத்து ‘ஏவிஐ’, ‘எம்ஓவி’, ‘எம்பி4’, ‘எம்கேவி’ என்றெல்லாம் எழுதியிருக்கும். இது படத்தின் வகையைச் சொல்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இது பாத்திரத்தின் பெயர். உள்ளே இருக்கும் பண்டத்தின் பெயர் அன்று. சாப்பாடு கொண்டுபோகும் அடுக்குச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடுக்கில் படம், ஓர் அடுக்கில் ஒலி, சில வேளை மூன்றாவது அடுக்கில் எழுத்து வரிகள். சட்டியை வெளியிலிருந்து பார்த்து உள்ளே சாம்பாரா குழம்பா என்று சொல்ல இயலுமா? ‘ஏவிஐ’ என்பது 1992இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வகுத்த சட்டி. அதற்குள் பத்துப் பதினைந்து வகைக் கோடெக்குகள் இருக்கக் கூடும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் திறந்துவிடும் என்று சிலர் செய்கிறார்கள்; சட்டியின் மூடியை மாற்றுவதால் குழம்பு சாம்பாராகாது.

உள்ளே இருப்பது என்ன என்று எப்படி அறிவது? கோப்பின் தலைப்பகுதியில் நான்கெழுத்துக் குறி ஒன்று பதிந்திருக்கும். நகரத்தார் கடைகளுக்கு விலாசம் என்று ஒன்று உண்டு. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து வைப்பது. அந்த மூன்று நான்கு எழுத்தைப் பார்த்தாலே எந்தக் குடும்பம், எந்தக் கடை என்று ரங்கூனிலும் பினாங்கிலும் தெரிந்துகொள்வார்கள். கோடெக்கின் விலாசமும் அப்படியே. தொகுப்பு மென்பொருள் அந்த விலாசத்தைப் படித்துத் தன் பட்டியலில் தேடுகிறது. இருந்தால் திறக்கிறது. இல்லாவிட்டால் கையை விரிக்கிறது.

வருத்தம் என்னவென்றால், இந்தப் பட்டியல் ஆண்டுதோறும் மாறுகிறது. புதியவை சேர்வதுடன் பழையவை நீங்கவும் செய்கின்றன. 2018இல் அடோபி நிறுவனம் தன் தொகுப்பு மென்பொருளிலிருந்து பழைய குவிக்டைம் காலத்துக் கோடெக்குகளுக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்திற்று. 2019இல் வந்த ஆப்பிள் இயங்குதளமும் 32 பிட்டு முறையில் எழுதப்பட்ட பழைய கோடெக்குகளைக் கைவிட்டது. நேற்று வரை திறந்த கோப்பு இன்று திறக்கவில்லை என்றால் கோப்புக் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. படிக்கத் தெரிந்தவர் வீட்டை விட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான்.

என் மாணவர் ஒருவர் ஒரு ஹார்டு டிஸ்கைக் கொண்டுவந்தார். அவருடைய பாட்டையாவின் சதாபிஷேகம் 1990களில் வி.எச்.எஸ். கேசட்டில் எடுக்கப்பட்டு, பின்னர் 2002 வாக்கில் கணிப்பொறிக்கு மாற்றப்பட்டது. கேசட்டு பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டது. எஞ்சியது அந்த ஒரு கோப்புதான். ஒலி கேட்டது, படம் கறுப்பாக இருந்தது. தலைப்பகுதியைப் பார்த்தோம். ஐ-வி-5-0 என்று விலாசம் இருந்தது. இது இன்டெல் நிறுவனம் உருவாக்கிய ‘இன்டியோ’ என்ற கோடெக். 1990களில் பரவலாக இருந்தது, பின்னர் விண்டோஸ் அதை ஒதுக்கிவிட்டது. ஆனால் ‘எப்.எப்.எம்பெக்’ என்ற இலவச மென்பொருளுக்கு அதைப் படிக்கத் தெரியும். பாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000ஆம் ஆண்டில் தொடங்கி, உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் வளர்த்துவருவது இது. அதைக் கொண்டு புதிய கோடெக்குக்கு மாற்றியதும் படம் வந்தது. சடங்குகளுக்கு நடுவே அந்தப் பெரியவர் தாம் மலாயாவில் கடையில் கணக்கெழுதிய நாட்களைப் பற்றி 11 நிமிடம் பேசியிருந்தார். அந்த வீட்டில் யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை.

இன்னொரு வகைத் தொல்லையும் உண்டு. ‘எம்பி4’, ‘எம்ஓவி’ சட்டிகளில் எந்தப் பிரேம் கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. பதிவு முடிந்த பிறகே அதை எழுத இயலும் என்பதால், பெரும்பாலும் அது கோப்பின் இறுதியில் இருக்கும். பதிவின் நடுவே மின்சாரம் போனாலோ, நகல் எடுக்கும்போது கம்பியைப் பிடுங்கிவிட்டாலோ அட்டவணை இல்லாமல் போகும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு படம் உள்ளே பத்திரமாக இருக்கும். ஆயினும் கோப்புத் திறக்காது. அதே காமிராவில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாக வைத்து அட்டவணையை மீண்டும் எழுதும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆகவே இத்தகைய கோப்பை அழித்துவிடாதீர்கள்.

சுருக்கிக் கட்டிய ‘ஜிப்’ பொதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை முதலில் பிரித்து வெளியே எடுத்தாக வேண்டும். தொகுப்பு மென்பொருள் கோப்பின் நடுவிலிருந்தும் முன்னும் பின்னும் தாவித் தாவிப் படிப்பது. பொதிக்குள் அப்படித் தாவ வழியில்லை.

விழும் செம்பு சொல்லும் வேகம்

இப்போது படம் திறந்துவிட்டது. ஆனால் மனிதர்கள் பரபரவென்று நடக்கிறார்கள். மேலே பார்த்த 16, 24 கணக்கு இங்கே வருகிறது. 16 வீதம் எடுத்ததை 24 வீதம் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகமாகும். பேசாப்படத்து மனிதர்கள் எல்லாரும் துள்ளித் துள்ளி நடந்ததாக ஓர் எண்ணம் நம்மிடம் இருக்கிறதே, அதற்கு இந்த ஒன்றரை மடங்கே பெருங்காரணம்.

கையால் சுழற்றிய காமிராவின் வேகம் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பூமியின் ஈர்ப்பு நமக்கு ஒரு கடிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. ஓய்வு நிலையிலிருந்து விழும் பொருள் கடக்கும் தொலைவு ½ × 9.8 × (நேரத்தின் வர்க்கம்) என்பதை அறிவீர்கள். காட்சியில் ஒருவர் கையிலிருந்து செம்பு நழுவி விழுகிறது. உயரம் சுமார் 1.25 மீட்டர் என்று அருகில் நிற்கும் ஆளை வைத்து மதிப்பிடலாம். கணக்கிட்டால் விழும் நேரம் ஏறத்தாழ அரை விநாடி. இனிப் பிரேம்களை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணுங்கள். செம்பு 8 பிரேமில் தரையைத் தொட்டால் காமிராவின் வேகம் 16. 12 பிரேமில் தொட்டால் 24. மாடியிலிருந்து தூவும் பூ இதற்கு உதவாது. காற்றின் தடை அதை மிதக்க விடும். மனிதர்களின் நடையும் அவ்வளவு நம்பத்தக்கதன்று. அதிலும் காந்தியடிகள் இயல்பாகவே விரைந்து நடப்பவர். அவரை வைத்து வேகத்தைக் கணித்தால் ஏமாந்துபோவோம்!

வேகம் தெரிந்ததும் அதைச் சரிசெய்ய இரண்டு வழிகள். ஒன்று, இரண்டு பிரேமுக்கு ஒருமுறை ஒன்றைத் திரும்பக் காட்டுவது. 16 என்பது 24 ஆகிவிடும். சற்றே தட்டுத் தடுமாறும், ஆனால் காட்டப்படும் ஒவ்வொரு பிரேமும் உண்மையில் எடுக்கப்பட்டது. மற்றொன்று, இரண்டு பிரேமுக்கு நடுவே என்ன இருந்திருக்கும் என்று கணிப்பொறியை ஊகித்து வரையச் சொல்வது. 2018இல் பீட்டர் ஜாக்சன் என்ற இயக்குநர், லண்டனிலுள்ள போர் அருங்காட்சியகத்தில் இருந்த முதல் உலகப்போர்ச் சுருள்களை இந்த முறையில் சீராக்கி, வண்ணமும் சேர்த்து ஒரு முழுநீளப் படமாக்கினார். பார்க்க வியப்பாக இருக்கிறது. எனினும் வரலாற்றுச் சான்றாக வைக்கும் பிரதியில் ஊகித்த பிரேம்களைக் கலப்பது சரியன்று என்பது என் கருத்து. பொதுமக்களுக்குக் காட்டும் பிரதியில் செய்துகொள்ளட்டும்.

வேகத் தொல்லை பேசாப்படத்தோடு முடியவில்லை. இந்தியாவில் தொலைக்காட்சி வீடியோ விநாடிக்கு 25 பிரேம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பர்மாவிலும் வேறு முறை, அங்கே 29.97. இதென்ன விநோதமான எண் என்று வினவலாம். முதலில் அது 30 ஆகத்தான் இருந்தது. 1953இல் வண்ணத்தைச் சேர்த்தபோது, வண்ண அலையும் ஒலி அலையும் ஒன்றோடொன்று மோதித் திரையில் புள்ளிக் கோலம் தெரியாதிருக்க வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அந்தச் சிறு குறைப்பை மறந்து 30 என்று மென்பொருளில் குறித்துவிட்டால், ஒரு மணி நேரத்தின் இறுதியில் படத்துக்கும் தனியாக வைத்த ஒலிக்கும் 3.6 விநாடி இடைவெளி விழும். மேளக்காரர் அடித்து மூன்றரை விநாடி கழித்துச் சத்தம் கேட்டால் எப்படியிருக்கும்!

24 பிரேம் சினிமாவை 25 வேகத்தில் ஓட்டினால் 120 நிமிடப் படம் 115 நிமிடத்தில் முடிந்துவிடும். அத்துடன் ஒலியின் அதிர்வெண்ணும் 24க்கு 25 என்ற விகிதத்தில் உயரும். ஒரு சுவரஸ்தானத்தில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு. சுருதி ஞானம் உள்ளவருக்கு நாதசுரம் ஏறி ஒலிப்பது உடனே தெரிந்துவிடும். காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். படப்பிடிப்பு நிலையம் இருந்தபோது உருவான ‘நாம் இருவர்’ (1947) போன்ற பழைய படங்களைக் கேசட்டில் கேட்டு, பின் மூலப் பிரதியில் கேட்டால் பாட்டின் சுருதி வேறுபட இது ஒரு காரணமாகலாம்.

கேசட்டின் சீப்புப் பற்கள்

வி.எச்.எஸ். கேசட்டிலிருந்து வந்த படத்தை நிறுத்திப் பார்த்தால், நகரும் பொருளின் விளிம்பில் சீப்புப் பல்லைப் போல் கோடுகள் தெரியும். பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு பிரேமை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. முதல் ஐம்பதில் ஒரு பங்கு விநாடியில் ஒற்றைப்படை வரிகள். அடுத்த ஐம்பதில் ஒரு பங்கு விநாடியில் இரட்டைப்படை வரிகள். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் அந்த இடைவெளியில் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. இரண்டையும் ஒன்றாகக் கோத்துக் காட்டும்போது பற்கள் தெரிகின்றன. எந்த வரிகள் முதலில் வந்தவை என்று மென்பொருளுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் சைக்கிள் முன்னும் பின்னும் அசைந்து அசைந்து போகும். முகங்கள் வழக்கத்தைவிட ஒடுங்கித் தெரிந்தால் அது வேறு அமைப்பு: 720 புள்ளி அகலமுள்ள அந்தப் படத்தை 768 புள்ளி அகலத்துக்கு விரித்துக் காட்ட வேண்டும்.

கேசட்டு நாடாவில் காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருப்பது ஒருவகைப் பசை. காற்றின் ஈரம் அந்தப் பசையின் மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. நாளடைவில் நாடா பிசுபிசுத்து, ஓட்டும்போது துகள் உதிரும். உதிர்ந்த துகளோடு படமும் போயிற்று. அதனினும் அவசரமானது வேறொன்று: உலகில் வி.எச்.எஸ். கருவி செய்துவந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் பூனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடா நன்றாக இருந்தும் ஓட்டக் கருவி இல்லாத காலம் வந்துகொண்டிருக்கிறது. பெட்டகத்தில் கேசட்டு வைத்திருப்பவர்கள் அடுத்த திருவிழாவுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடலாகாது.

மாற்றும்போது எந்தக் கோடெக்கில் வைப்பது? பார்ப்பதற்கு ஒரு சிறு பிரதி, சேமிப்புக்கு ஒரு பெரிய பிரதி என இரண்டாக வைப்பது நல்லது. சேமிப்புப் பிரதிக்கு எந்த எண்ணையும் இழக்காமல் சுருக்கும் ‘எப்.எப்.வி.1’ என்ற கோடெக்கையும், ‘எம்கேவி’ சட்டியையும் பல காப்பகங்கள் தேர்ந்தெடுத்திருக்கின்றன. இதன் முழு விதிகளும் 2021இல் பொதுவில் வெளியிடப்பட்டுவிட்டன. விதி பொதுவில் இருந்தால், எந்தக் கம்பெனி மூடினாலும் ஐம்பது ஆண்டு கழித்து ஒரு மாணவர் அதைப் படித்துத் திறக்கும் நிரலை எழுதிவிடலாம்.

சிவப்புத் திரையும் ஐந்தொகையும்

தொகுப்பு மென்பொருளில் நீங்கள் ஒரு வாரம் வேலை செய்து சேமிக்கும் கோப்பு மிகச் சிறியதாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் படமே இல்லை. “இந்தத் தட்டில், இந்த உறையில், இந்தப் பெயருள்ள கோப்பின் 400ஆவது பிரேம் முதல் 650ஆவது பிரேம் வரை” என்ற குறிப்புகள் மட்டுமே அதில் இருக்கும். மூலக் கோப்பை வேறிடத்துக்கு நகர்த்தினாலோ, பெயரை மாற்றினாலோ, மறுமுறை திறக்கும்போது படத்துக்குப் பதில் சிவப்புத் திரையும் ‘காணவில்லை’ என்ற அறிவிப்பும் வரும். பயப்பட வேண்டாம், புதிய இடத்தைக் காட்டிக் கொடுத்தால் மீண்டும் இணைத்துக்கொள்ளும். ஆனால் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் தவறானதை இணைத்துவிடலாம். ‘வீடியோ1’, ‘புதியவீடியோ’ என்றெல்லாம் பெயரிடாமல், ‘1994-குன்றக்குடி-பங்குனி-கேசட்2’ என்பதுபோல ஆண்டும் ஊரும் வருமாறு பெயரிடுங்கள்.

நகல் எடுத்த கோப்பு மூலத்தோடு எள்ளளவும் வேறுபடவில்லை என்று எப்படி உறுதி செய்வது? இரண்டு மணிப் படத்தையும் உட்கார்ந்து பார்ப்பதா? நகரத்தார் கணக்கில் ஆண்டிறுதியில் ஐந்தொகை எடுப்பார்கள். ஆண்டு முழுவதும் எழுதிய பேரேட்டில் எங்கே ஒரு காசு தவறியிருந்தாலும் ஐந்தொகை இடிக்கும். கோப்புக்கும் அதுபோன்ற ஒரு கணக்கு உண்டு. கோப்பின் எல்லா எண்களையும் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கலக்கி ஒரு குறுகிய எண்ணை வரவழைப்பார்கள். கோடானுகோடி பிட்டுகளில் ஒன்று மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். மூலத்துக்கும் நகலுக்கும் இந்த எண் ஒன்றாக வந்தால் நகல் சரி. இந்த எண்ணை ஒரு தனி எழுத்துக் கோப்பில் குறித்து, படத்தோடு சேர்த்து வைத்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் கணக்கிட்டு ஒத்துப் பார்த்தால், ஹார்டு டிஸ்கு ஓசையின்றிக் கெட்டுக்கொண்டிருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். இரண்டாவது நகல் வேறு ஒரு வீட்டில் இருப்பது மேல்.

மூலக் கோப்பில் மட்டும் எக்காரணம் கொண்டும் வேலை செய்யாதீர்கள், எப்போதும் நகலில்தான்.

கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்முறை. பல கைப்பேசிகள் வெளிச்சத்துக்கும் தம் வேலைப் பளுவுக்கும் ஏற்பப் பிரேம் வேகத்தை நடுவழியில் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. தொகுப்பு மென்பொருளில் ஒலியும் படமும் மெல்ல விலகிப்போவது இதனால் நேரலாம். உங்கள் கைப்பேசி எப்படி? 99 சென்டிமீட்டர் நீள நூலில் ஒரு சிறு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஊசலாட விடுங்கள். ஒரு முழு ஊசலுக்கு 2 விநாடி ஆகும். பகலில் ஒருமுறையும், விளக்கை மங்க வைத்து ஒருமுறையும் ஐந்து நிமிடம் படம் எடுங்கள். தொகுப்பு மென்பொருளில் திறந்து, பிரேம் பிரேமாக நகர்த்தி ஒவ்வோர் ஊசலுக்கும் எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள். எப்போதும் 60 வந்தால் விநாடிக்கு 30. எப்போதும் 50 வந்தால் 25. பகலில் 60 வந்து, இருட்டில் 48, 52, 45 என்று மாறி மாறி வந்தால், அந்தக் கோப்பை முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொண்டே வெட்டத் தொடங்க வேண்டும்.